செல்லத்தின் கதையை யார் எழுதுவது?

(ஈப்போவில் ஒரு சிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் இல்லாமல் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



உரிமைக்காகக் குரல் கொடுக்கும் இடத்தில் நாவல் எழுதுவதைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வீடு இல்லை, பிள்ளைக்கு ஐசி இல்லை, வேலை செய்த இடத்தில் ஊழியர் சேமநிதி கட்டவில்லை என்று பிரச்னைகள் தலைக்கு மேல் கிடக்கும்போது கதை எழுதி என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்விதான். வக்கீல் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த பிறகு, கோர்ட்டுக்கு எடுத்துப் போக முடியாத விஷயங்களே நம்மிடம் அதிகம் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அவற்றை வைக்க வேறு ஓர் இடம் வேண்டும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் நம் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். பிரீத்தா சமரசன் ஈப்போவில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே படிக்க அமெரிக்கா போனார். அங்கே இசை ஆய்வுப் படிப்பில் இருந்தவர், அதிலிருந்து விலகி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கதை எழுதும் கலையைப் படித்தார். 2008இல் அவருடைய முதல் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 'ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே' என்பது அதன் பெயர். பெயரே குறுந்தொகைப் பாட்டு ஒன்றின் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்ததுதான். பிரிட்டனில் பெண் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் ஆரஞ்சு பரிசின் 2009ஆம் ஆண்டு நெடும்பட்டியலில் அந்த நாவல் இடம்பிடித்தது. இப்போது அவர் பிரான்சில் வாழ்கிறார். அடுத்த நாவல் 2022இல் வந்தது.

முதல் நாவல் எங்கே நடக்கிறது தெரியுமா? இதே ஈப்போவில், 1980இல், ஒரு பெரிய வீட்டில். வீட்டுக்காரர் ஆங்கிலம் படித்த வக்கீல். (எங்கள் தொழிலை நாவலாசிரியர்கள் சும்மா விடுவதில்லை!) அந்த வீட்டில் வேலைக்கு இருக்கும் பெண்ணின் பெயர் செல்லம். ஏழைப் பெண். அவள் சம்பளத்தை வாங்கிப் போகக் குடிகார அப்பன் வருகிறான். வீட்டுப் பாட்டி இறந்து போகிறார். பழி செல்லத்தின் மேல் விழுகிறது. அவளை வீட்டைவிட்டு அனுப்புவதில்தான் நாவலே தொடங்குகிறது. அதற்கு முன் என்ன நடந்தது என்று கதை பின்னோக்கிப் போகிறது.

இந்த நாவலைப் படித்து முடித்தபோது எனக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் வந்தன. நம் ஊரை, நம் பேச்சை, நம் வீட்டுக்குள் இருக்கும் சாதி வேற்றுமையை, பண வேற்றுமையை இவ்வளவு கூர்மையாக உலகத்தின் முன் வைத்திருக்கிறாரே என்ற மகிழ்ச்சி ஒன்று. அவர் அந்தப் பெரிய வீட்டுக்காரர்களைக் காப்பாற்ற முயலவே இல்லை, அது பெரிய நேர்மை. இன்னொன்று ஓர் ஏக்கம். புந்தோங்கில் இருக்கும் நம் அக்கா ஒருவர் இதைப் படிக்க மாட்டார். அந்த அக்காவும் பதினான்கு வயதில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்தவர். செல்லத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு. அந்த வீட்டின் பின்வாசலுக்கு இப்பாலிருந்து அவர் பார்த்தது வேறு. அந்த நாவல் எங்கே?

பிரீத்தாவைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தன் இடத்திலிருந்து தெரிந்ததை எழுதினார். நம் இடத்திலிருந்து தெரிவதை நாம்தானே எழுத வேண்டும்?

இனி என் வீட்டு விஷயம் ஒன்று.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். அம்மா 1971இல் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தவர். 27 ஆண்டு மரம் வெட்டினார். 1998இல் தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நான் அப்போது ஆறாம் படிவம் முடித்திருந்த நேரம். தோட்ட மக்கள் சேர்ந்து ஒரு வக்கீலிடம் போனோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு அபிடவிட் கொடுக்க வேண்டும், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். அம்மா இரண்டு மணி நேரம் பேசினார். வீட்டுப் பின்னால் நட்ட முருங்கை, அண்ணன் பிறந்தபோது வைத்த தென்னை, பிறந்த மூன்றாம் நாளே இறந்து கோயிலுக்குப் பின்னால் புதைத்த பெண் குழந்தை, ஆயாக்கொட்டகையில் என்னை விட்டுவிட்டு இருட்டில் பெரட்டுக்கு ஓடியது, பழைய மானேஜர் தீபாவளிக்கு வந்து "நீங்கள் சாகிற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்" என்று சொன்னதாக என் பாட்டி சொன்னது, எல்லாம்.

அபிடவிட் நாலு பக்கம் வந்தது. மலாய் மொழியில். "மேற்கண்ட முகவரியில் 1971 முதல் வசித்து வருகிறேன்" என்று தொடங்கியது. முருங்கை இல்லை. குழந்தை இல்லை. மானேஜர் சொன்னதும் இல்லை.

அந்த வக்கீல் நல்லவர். வேண்டுமென்று எதையும் விடவில்லை. சட்டம் அப்படி. நீதிமன்ற விதிகளில் 41ஆம் கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 2012இல் வந்த இன்றைய விதிகளிலும் உண்டு, முன்பிருந்த விதிகளிலும் உண்டு. வாக்குமூலம் கொடுப்பவர் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்பது பொது விதி. வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது எதுவும் இருந்தால் நீதிமன்றம் அதை வெட்டி எறியலாம். பாட்டி காதில் கேட்டு அம்மாவிடம் சொன்னது 'கேள்விச் சாட்சியம்'. சாட்சியச் சட்டம் அதைப் பொதுவாக ஏற்காது. முருங்கை மரமும் செத்த குழந்தையும் 'சம்பந்தம் இல்லாதவை'.

பிறகு நான் சட்டம் படித்தேன். அந்த விதிகளுக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன என்று புரிந்தது. எதிர்த்தரப்பும் நாளைக்கு "எங்க தாத்தா சொன்னார்" என்று நிலத்தைக் கேட்டால் என்ன செய்வது? ஆகவே கோர்ட்டு கோர்ட்டாகவே இருக்கட்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிறரிடம் கேட்டது, சம்பந்தம் இல்லாதது. கோர்ட்டு வெளியே தள்ளுகிற இந்த இரண்டும் சேர்ந்ததுதானே ஒரு நாவல்! பாட்டி சொன்னது, தாத்தா குடித்துவிட்டு உளறியது, பக்கத்து லயத்தில் கிசுகிசுத்தது, கதவோரம் நின்ற செருப்பு, இறந்தவரின் சட்டையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது. நம்மிடம் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, பல பேரிடம் பிறப்புப் பத்திரம்கூட இல்லை. மற்றது எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

தோட்டத்தைப் பற்றிய எழுத்து ஆதாரம் யாருடையது என்று பாருங்கள். செக்ரோல் கிராணி எழுதியது. அதில் அம்மா ஒரு நம்பர், ஒரு நாள் பெயர், இத்தனை ராத்தல் பால். கம்பெனி அறிக்கை லண்டனுக்குப் போனது. போலீஸ் ரிப்போர்ட் போலீசுடையது. நூறு ஆண்டு வாழ்ந்த மக்கள், தங்கள் கையால் எழுதியது எவ்வளவு?

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சில நண்பர்கள் "உங்களுக்கென்ன லாயர், ஃபைலைத் திறந்தால் நூறு கதை" என்கிறார்கள். ஒன்றுகூட எடுக்க முடியாது! 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டியிருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது. இன்றைக்குக்கூட எந்தக் கட்சிக்காரர் கதையையும் நான் இங்கே சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். அதனால் எனக்கு இருப்பது என் அம்மாவும் என் லயமும் மட்டும். உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. என்னைவிட நீங்கள் எழுதுவதற்கு வசதியான நிலையில் இருக்கிறீர்கள்.

சொந்த வாழ்க்கையை எடுத்து நாவலாக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு கே. எஸ். மணியத்தைச் சொல்வேன். 1942இல் கெடா பீடோங்கில் பிறந்தவர். அப்பா மருத்துவமனையில் துணி வெளுத்தவர். மகன் ஆங்கிலப் பள்ளிக்குப் போய், இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்று, பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். 2020இல் காலமானார். அவருடைய முதல் நாவல் 'தி ரிடர்ன்' 1981இல் வந்தது. அதில் வரும் ரவியும் துணி வெளுப்பவரின் மகன்தான். ஆனால் அந்த நாவலில் என்னை உலுக்கியது ரவி அல்ல. பெரியதாய் என்ற பாட்டி. இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து, உழைத்து, ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டுகிறாள். அந்த நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. பிறகு ரவியின் அப்பாவும் அதே போல் அனுமதி இல்லாத நிலத்தைத் தானே திருத்தி வீடு எழுப்புகிறார். அதை இழக்கும் நிலை வரும்போது புத்தி பேதலித்து, வீட்டோடு தன்னையும் எரித்துக்கொள்கிறார்.

புறம்போக்கு நில வழக்குகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ், வெளியேற்றும் உத்தரவு, கருணைத் தொகை, இவையெல்லாம் எங்களுக்கு அன்றாடச் சொற்கள். ஆனால் பத்திரம் இல்லாத மனிதனுக்கு மண்ணின் மேல் ஏன் அப்படி ஒரு வெறி வருகிறது என்று எந்தத் தீர்ப்பும் எனக்குச் சொன்னதில்லை. மணியம் சொன்னார். தன் வீட்டுக்குள் பார்த்ததிலிருந்துதான் அவருக்கு அது கிடைத்திருக்க வேண்டும்.

மணியமும் ஆங்கிலம், பிரீத்தாவும் ஆங்கிலம், தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. நம் வீடுகளில் படிப்பதில்லை, அவ்வளவுதான். 1917இலேயே மலாயாவில் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்று ஒரு தமிழ் நாவல் வந்துவிட்டது. 1950இல் 'தமிழ் நேசன்' பத்திரிகை 'கதை வகுப்பு' என்று ஒன்று நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். பத்திரிகையிலேயே பாடம், பத்திரிகைக்கே பயிற்சிக் கதை. எழுத நினைத்தவர்கள் வீட்டில் இருந்தபடியே கற்றுக்கொள்ள அது ஒரு வழி. 1952இல் அதே பத்திரிகைக்கு ஆசிரியராக கு. அழகிரிசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஐந்து ஆண்டு இருந்து, இங்குள்ளவர்களின் எழுத்தைக் கறாராகப் பார்த்துத் திருத்தினார். 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது நமக்குப் பெரிய நஷ்டம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஜப்பான்காரன் 1942, 43இல் சயாம் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிப் போனான். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தக் கொடுமையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாகவும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலாகவும் எழுதினார்கள். அண்மையில் கோ. புண்ணியவானும் 'கையறு' எழுதினார். அதே புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' என்று இன்னொரு நாவல் எழுதியிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் பகாங்கில், வேலை தருகிறோம் என்று ஆசை காட்டி அழைத்துப்போன நம் குடும்பங்களைக் குத்தகைக்காரர்கள் கொத்தடிமைகளாக அடைத்து வைத்திருந்த கொடுமை அது. இன்று அந்தச் சம்பவத்தை எத்தனை இளைஞருக்குத் தெரியும்? பத்திரிகைச் செய்தி மறந்துபோகும். நாவல் நூலகத்தில் இருக்கிறது.

ஆனால் நம் பேராக்? நம் மாநிலத்தில் எழுதப்படாமல் கிடக்கும் நாவல்களை எண்ணினால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 வரை நீடித்தது. சரித்திரப் புத்தகத்தில் மூன்று துரைகளின் பெயரும் இருக்கிறது. அன்று காலை அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் மக்கள் என்ன செய்தார்கள்? துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்களா? மாலையில் போலீஸ் யாரை முதலில் பிடித்தது? பிறகு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக் காட்டுக்குச் சோறு கொண்டுபோனால் கம்யூனிஸ்டுக்குக் கொடுப்பாய் என்று வாசலில் சோதனை. விடியற்காலை எழுந்து பகல்வரை பட்டினியாக மரம் வெட்டிய பெண்ணின் வயிறு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அன்று பத்து வயதில் இருந்தவருக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி மாளிகைக்கு நாம் எல்லாரும் போயிருக்கிறோம். பிள்ளைகள் பேய் இருக்கிறதா என்று கேட்பார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றது. கட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள். கட்டும்போதே நோய் வந்து பலர் மடிந்தார்கள். அதன் பிறகு அங்கே ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்தக் கோயில் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை சிலையும் நிற்கிறது. அடுத்த முறை போனால் பாருங்கள். துரைக்குச் சிலை இருக்கிறது. செத்துப்போன கொத்தனார் பெயர் எங்கும் இல்லை. அவன் எந்த ஊரிலிருந்து வந்தான், யாருக்குக் கடன்பட்டிருந்தான், அவன் செத்த சேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா? மாளிகைக்குள் பேயைத் தேடும் பிள்ளையிடம் இந்தக் கொத்தனாரைக் காட்டினால் என்ன?

இவ்வளவு பெரிய விஷயத்தையெல்லாம் நம்மால் எழுத முடியுமா என்று பயப்பட வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தில் தொடங்குங்கள். மழை பெய்த காலையில் வேலை உண்டா இல்லையா என்று லயத்து வாசலில் நின்று மரத்தைப் பார்க்கும் அந்த அரை மணி நேரம். மரம் ஈரமாக இருந்தால் வெட்டக்கூடாது. வெட்டாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் என்ற ஏற்பாடே 2003இல்தான் வந்தது, அதுவும் 350 ரிங்கிட். அதற்கு முன்னால் வானத்தைப் பார்த்து வாழ்ந்த தலைமுறைகள்! அந்த அரை மணி நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது போதும், ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும்.

அதை நம் வார்த்தையிலேயே எழுதுங்கள். மங்கு, காண்டா, நெரை, ஒட்டுப்பால், பெரட்டு, மண்டோர், ஆயாக்கொட்டகை, பாசாக்காடு. இவை சென்னையில் கிடைக்காத சொற்கள். என் பிள்ளைக்கு இவற்றில் பாதி தெரியாது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் தாமான் வந்தது, வார்த்தைகள் எங்கே போய் நிற்கும்? சிலர் எழுத உட்கார்ந்ததும் சீரியல் தமிழுக்கோ மேடைத் தமிழுக்கோ மாறிவிடுகிறார்கள். தோட்டத்துக் கிழவி "அந்தோ, என் செய்வேன்" என்று அழுகிறாள்! எந்தத் தோட்டத்தில் அப்படி அழுதார்கள்?

இன்னொன்று, இது எங்கள் தொழிலிலிருந்து வருவது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது நீதியின் அடிப்படை. நாவலிலும் அதுவேதான். நாம் இயக்கத்துக்காரர்கள், நமக்குக் கோபம் அதிகம், அதனால் நம் கதையில் தொழிலாளி எல்லாரும் தங்கம், கிராணி எல்லாரும் அயோக்கியன் என்று வந்துவிடுகிறது. அது துண்டறிக்கைக்குப் போதும். நாவலில் வில்லனுக்கும் ஒரு வக்கீல் வைத்துக் கொடுங்கள். கிராணிக்கும் மேலே துரை இருந்தான், அவன் பெண்டாட்டியும் நகையை அடகு வைத்தாள். நம் ஆட்களிலும் பெண்டாட்டியை அடித்தவர்கள் உண்டு. சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து நேராகச் சாமி கும்பிடப் போனவர்கள் உண்டு. பறையன், பள்ளன் என்று சொல்லித் தண்ணீர்க் குழாயில் தள்ளி நிற்கவைத்தவர்கள் நம் லயத்திலேயே இருந்தார்கள். அதை எழுதினால் இனத்தைக் காட்டிக்கொடுப்பது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். வெள்ளைக்காரன் செய்ததை மட்டும் எழுதி, நாம் ஒருவருக்கொருவர் செய்ததை மறைத்தால் படிக்கிறவன் ஒன்றையும் நம்ப மாட்டான்.

வக்கீல் பேச வந்துவிட்டுச் சட்டம் சொல்லாமல் போனால் தப்பு. சொல்லிவிடுகிறேன்.

"இக்கதையில் வரும் யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை. பெயரை மாற்றினாலும் ஊர்க்காரர்கள் படித்தவுடன் இன்னார்தான் என்று கண்டுபிடிக்கும்படி எழுதி, அது அவர் பெயரைக் கெடுத்தால், 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டப்படி வழக்குப் போடலாம். இறந்தவருக்காகச் சிவில் அவதூறு வழக்கு நிற்காது. ஆனால் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவில், இறந்தவரைப் பற்றிச் சொன்னது அவருடைய குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இருந்தால் குற்றமாகலாம் என்று இருக்கிறது. எனவே ஆளை அப்படியே படம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று பேரைக் கலந்து ஓர் ஆளாக்குங்கள். மண்டோருடைய குரல் ஒருவரிடமிருந்து, நடை இன்னொருவரிடமிருந்து, அவர் செய்த அக்கிரமம் வேறு தோட்டத்திலிருந்து. சட்டத்துக்காகச் செய்தாலும் கதைக்கும் அதுதான் நல்லது. அசல் ஆளையே எழுதினால் "அவர் அப்படித்தான் செய்தார்" என்ற உண்மை உங்களைக் கட்டிப்போடும். கலந்து உருவாக்கிய ஆள் தானே நடக்க ஆரம்பிப்பார்.

அரசாங்கத்தின் பக்கமும் கொஞ்சம் கவனம் வேண்டும். ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. கெடா லுனாஸ் வட்டாரத் தோட்டத்து வாழ்க்கையை, விஷச் சாராயம் குடித்து மாண்ட மக்களின் நினைவை வைத்து எழுதிய நாவல் அது. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், பதிப்புகள் சட்டம் அந்த அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுக்கிறது. நம் ஆட்களிலேயே சிலர் அந்தத் தடையை வரவேற்றார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். கெட்ட வார்த்தை இருக்கிறதாம். தோட்டத்தில் கெட்ட வார்த்தை இல்லாமல் மாடு கூட நகர்ந்ததில்லை! ஒரு புத்தகம் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், கூட்டம் போட்டுத் திட்டுங்கள். பூட்டுப்போட அமைச்சிடம் ஓடாதீர்கள். இன்று அவருக்குப் போட்ட பூட்டு நாளை உங்களுக்கு வரும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கவலை. ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு நாவலா? தினம் 150 சொல் எழுதுங்கள். பள்ளி நோட்டில் ஒரு பக்கம்கூட வராது. வாரத்துக்கு ஒரு நாள் விட்டாலும் ஆண்டுக்கு 300 நாள். 45,000 சொல். ஒரு நல்ல நாவலின் அளவு அது. நான் பஸ்சில் போகும்போது கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து, இரவில் எழுதிக்கொள்கிறேன். முதல் தடவை எழுதுவது மோசமாகத்தான் இருக்கும். வழக்கு மனுவே எங்களுக்கு நாலு தடவை அடித்துத் திருத்தாமல் சரியாக வராது.

பேச்சு முடிந்ததும் மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். அவற்றையும் சேர்க்கிறேன்.

இடைநிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு தங்கை, "எனக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோதான் வேகமாக எழுத வரும், தமிழில் எழுதாவிட்டால் தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை. எதில் பொய் சொல்ல முடியாதோ அதில் எழுதும்மா என்றேன். ஆனால் பாட்டி பேசும் வரிகளைத் தமிழில் ஒரு நோட்டில் அப்படியே எழுதி வைத்துக்கொள், பிறகு எந்த மொழிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

ஓர் அண்ணன் கேட்டது கஷ்டமான கேள்வி. "எங்க அப்பா செஞ்சதை எழுதினா எங்க அம்மா தலை நிமிர்ந்து நடக்க முடியாது, என்ன செய்றது?" இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்றால் அவர் இருக்கும்வரை பெட்டியில் வையுங்கள், ஆனால் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள் என்றேன். அவருக்கு இது திருப்தியாக இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

கடைசியாகப் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், நான் என்ன தம்பி செய்ய முடியும்?" என்றார். பேரனின் கைப்பேசியில் பதிவு செய்யச் சொன்னேன். முதலில் உங்கள் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், உங்கள் லயத்தில் வரிசையாக எந்தெந்தக் குடும்பம் இருந்தது, இதைச் சொல்லுங்கள் அம்மா. வருஷம் நினைவில்லாவிட்டால் கவலை இல்லை, எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்று சொன்னால் போதும், கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, இடது கைக் கோடியிலிருந்து வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார். ஏழாவது வீடு வரைக்கும் வந்தபோது மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டார். மீதியை வாசலில் நின்று பேரன் பதிவு செய்துகொண்டான்.